டெக்சஸ் அரசுப் பள்ளியில் டி-ஷர்ட்டுக்குத் தடை, யூனிஃபார்முக்கு அனுமதி: சட்டம் என்ன சொல்கிறது?

கேள்வி சுருக்கமாக இது. டாலஸ் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கும் மகன், துப்பாக்கிகளை விடக் குழந்தைகளின் உயிரைக் காப்பாற்றுங்கள் என்ற பொருளில் வாசகம் அச்சிட்ட டி-ஷர்ட் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். உதவி பிரின்சிபல் கூப்பிட்டு, சட்டையைத் திருப்பி உள்பக்கம் வெளியே தெரியும்படி போடச் சொல்லிவிட்டார். இதற்கிடையில் அடுத்த கல்வியாண்டிலிருந்து எல்லோருக்கும் யூனிஃபார்ம் என்று ஸ்கூல் போர்டில் பேச்சு ஓடுகிறது. பேச்சுரிமைக்குப் பேர்போன நாட்டில் இரண்டும் செல்லுமா என்று கேட்கிறீர்கள்.

சட்டையைத் திருப்பிப் போடச் சொன்னது செல்லாமல் போக நல்ல வாய்ப்பு இருக்கிறது. யூனிஃபார்ம் அநேகமாகச் செல்லும். ஒரு சட்டையைத் தடுப்பது தப்பு, எல்லாச் சட்டையையும் தடுப்பது சரி என்றால் தலைகீழாகத்தான் தெரியும். ஆனால் அமெரிக்க நீதிமன்றங்கள், அதிலும் டெக்சஸ், லூசியானா, மிசிசிப்பி மாநிலங்களுக்கான, உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு படி கீழே உள்ள ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், அறுபது வருடமாக வந்து சேர்ந்திருக்கும் இடம் கிட்டத்தட்ட அதுதான். எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று தெரிந்தால்தான் உங்கள் கையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது புரியும்.

எல்லோரும் முதலில் சொல்வது டிங்கர் வழக்கு. 1965 டிசம்பரில், அயோவா மாநிலம் டெ மொய்ன் நகரில், வியட்நாம் போரில் இறந்தவர்களுக்குத் துக்கம் காட்டவும் போர்நிறுத்தம் கேட்கவும் சில மாணவர்கள் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்கு வரத் திட்டமிட்டார்கள். செய்தி தெரிந்ததும் பிரின்சிபல்கள் கூடிப் பேசி, கைப்பட்டை கட்டி வந்தால் சஸ்பெண்டு என்று முன்கூட்டியே விதி போட்டார்கள். 13 வயது மேரி பெத் டிங்கர், அவளுடைய 15 வயது அண்ணன் ஜான், 16 வயது கிறிஸ்டோபர் எக்கார்ட் ஆகியோர் அப்படியும் கட்டிக்கொண்டு வந்து சஸ்பெண்டு ஆனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1969 பிப்ரவரி 24 அன்று 7-க்கு 2 என்ற கணக்கில் மாணவர்கள் ஜெயித்தார்கள். மாணவர்களும் ஆசிரியர்களும் பேச்சுரிமையைப் பள்ளி வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவதில்லை என்று நீதிபதி ஏப் ஃபோர்ட்டஸ் எழுதினார். பள்ளியின் வேலைக்குக் கணிசமான இடையூறு வந்தால், அல்லது வரும் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், அல்லது மற்ற மாணவர்களின் உரிமையில் கை வைத்தால் மட்டுமே தடுக்கலாம். ஏதாவது நடந்துவிடுமோ என்ற பொத்தாம்பொதுவான பயம் போதாது.

இந்த அளவுக்கு எல்லோருக்கும் தெரியும். தீர்ப்பில் பலர் கவனிக்காமல் விடும் இரண்டு இடங்கள் உண்டு, உங்கள் விஷயம் முழுக்க அந்த இரண்டில்தான் தொங்குகிறது.

முதலாவது: அதே பள்ளிகளில் தேர்தல் பேட்ஜ் குத்திக்கொண்டு வர விட்டிருந்தார்கள். சில மாணவர்கள் நாஜிசத்தின் சின்னமாகப் பார்க்கப்படும் இரும்புச் சிலுவைகூட அணிந்திருந்தார்கள், அதையும் யாரும் தடுக்கவில்லை. கறுப்புப் பட்டைக்கு மட்டும் தடை. ஒரு கருத்தைப் பொறுக்கி எடுத்து அடக்கியது பள்ளிக்கு எதிராகப் பேசியது.

இரண்டாவது: இந்த வழக்கு பாவாடையின் நீளத்தையோ, எந்த வகை உடை என்பதையோ, தலைமுடியையோ பற்றியது அல்ல என்று ஃபோர்ட்டஸ் அதே தீர்ப்பில் ஒரு வரி எழுதி வைத்தார். பின்னால் யூனிஃபார்ம் உள்ளே வந்தது அந்த வரி திறந்து வைத்த கதவு வழியாகத்தான்.

டிங்கரில் சொன்ன அளவுகோல் உச்ச நீதிமன்றமே யோசித்துக் கண்டுபிடித்தது இல்லை, உங்கள் வட்ட நீதிமன்றத்திடம் கடன் வாங்கியது. 1964-ல் மிசிசிப்பி மாநிலம் பிலடெல்பியா என்ற ஊரில் கறுப்பின மாணவர்கள் வாக்குரிமை கேட்கும் பேட்ஜ் அணிந்து வந்தார்கள், சஸ்பெண்டு ஆனார்கள். 1966-ல் ஐந்தாவது வட்ட நீதிமன்றம் மாணவர்கள் பக்கம் நின்றது. அதே நாளில் அதே மாநிலத்தின் இசாக்வீனா கவுண்டி வழக்கில் மாணவர்கள் தோற்றார்கள். அங்கே நடைவழியில் கூச்சல் போட்டு, வேண்டாம் என்ற மாணவர்களின் சட்டையிலும் வம்படியாகப் பேட்ஜைக் குத்தியிருந்தார்கள். பேட்ஜ் கிட்டத்தட்ட ஒன்றுதான், நடத்தை வேறு.

ஆக உங்கள் மகன் விஷயத்தில் முதல் கேள்வி: அந்தச் சட்டையால் வகுப்பில் ஏதாவது நடந்ததா? யாரோ ஒரு பையன் முறைத்தான், ஒரு டீச்சருக்குப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் கணக்கில் வராது. ஆபாசம் இல்லை, போதைப்பொருளைப் புகழவில்லை. 1986-ல் ஃப்ரேசர் வழக்கும் 2007-ல் மோர்ஸ் வழக்கும் பள்ளிகளுக்குக் கொடுத்த இரண்டு விலக்குகளும் இங்கே உதவாது. இதே வாரம் வேறொரு பையன் துப்பாக்கி உரிமையை ஆதரிக்கும் சட்டை போட்டு வந்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றால், உங்கள் பக்கம் இன்னும் பலம்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு பிரின்சிபலிடம் சண்டைக்குப் போகும் முன் மாணவர் கையேட்டை எடுத்து டிரெஸ் கோடு பக்கத்தைப் படியுங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கும். ஏன் என்பதற்கு உங்கள் வீட்டிலிருந்து காரில் போய்விடக்கூடிய தூரத்தில் உள்ள வாக்ஸஹாச்சி ஊரின் கதையைப் பார்க்கலாம்.

2007 செப்டம்பரில் அங்கே ஒரு உயர்நிலைப் பள்ளி மாணவன் 'சான் டியேகோ' என்று ஊர்ப் பெயர் போட்ட டி-ஷர்ட் அணிந்து வந்தான். டிரெஸ் கோடுக்கு விரோதம் என்று ஆபீசுக்கு அனுப்பினார்கள். வீட்டிலிருந்து மாற்றுச் சட்டை வந்தது. அதில் அப்போது அதிபர் தேர்தல் களத்தில் இருந்த ஜான் எட்வர்ட்ஸ் பெயர். அதுவும் கூடாது என்றார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே பள்ளி நிர்வாகம் விதியை இன்னும் இறுக்கியது: பள்ளியின் கிளப், விளையாட்டு அணி போன்றவற்றுக்கான சட்டைகள், இரண்டு அங்குலத்துக்குள் அடங்கும் கம்பெனி லோகோ தவிர எந்த எழுத்தும் சட்டையில் இருக்கக் கூடாது. பையன் முன்னால் 'பேச்சுச் சுதந்திரம்' என்றும், முதுகில் பேச்சுரிமை தரும் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தையே முழுதாகவும் அச்சிட்ட ஒரு சட்டைக்கு அனுமதி கேட்டான். அதுவும் மறுக்கப்பட்டது. 2009-ல் ஐந்தாவது வட்ட நீதிமன்றம் பள்ளி பக்கம் தீர்ப்பளித்தது. விதி எந்தக் கருத்தையும் குறிவைக்கவில்லை, எல்லாக் கருத்தையும் ஒரே மாதிரி தடுக்கிறது, ஆகவே டிங்கர் இங்கே பொருந்தாது என்பது அவர்கள் வாதம். ஒருத்தன் வாயைக் கட்டினால் தப்பு, ஊரே வாயைக் கட்டிக்கொண்டால் தப்பில்லை என்ற கணக்கு.

எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. பெரியவர்களுக்கு ஓட்டு இருக்கிறது, காரில் ஸ்டிக்கர் ஒட்டலாம், வாசலில் பலகை நடலாம். பதின்மூன்று வயதுப் பையனுக்குத் தன் கருத்தைச் சொல்லக் கிடைக்கும் இடங்களில் நெஞ்சுப் பக்கம் பெரிய இடம். பள்ளி முடிந்து வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாமே என்கிறது நீதிமன்றம். அங்கே யார் பார்ப்பது? ஆனாலும் சட்டம் இன்றைக்கு டெக்சஸில் அதுதான். உங்கள் பள்ளியின் கையேடு எல்லா வாசகங்களையும் தடுத்திருந்தால், அந்தத் தடையை உண்மையிலேயே எல்லோர் மேலும் அமல்படுத்துகிறார்கள் என்றால், வழக்கு எடுபடாது. கையேடு, 'இடையூறான' அல்லது 'பொருத்தமற்ற' வாசகங்கள் கூடாது என்று மட்டும் சொன்னால், டிங்கர் திரும்ப வந்துவிடுகிறது, பள்ளிதான் காரணம் காட்ட வேண்டும். கையேட்டில் முழுத் தடை, நடைமுறையில் கால்பந்து அணி, ராக் பேண்ட், டிஸ்னி சட்டைகள் எல்லாம் தாராளமாக உலா வருகின்றன என்றாலும் உங்களுக்குப் பேச இடம் இருக்கிறது.

இடையூறு என்பதையும் எளிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபோர்ட் வொர்த் பக்கத்துப் பர்ல்சன் ஊரில் 2006-ல் இரண்டு மாணவிகள் அடிமைமுறைக்காகப் போரிட்ட தென்மாநிலங்களின் கொடி போட்ட கைப்பையோடு வந்தார்கள். அந்தப் பள்ளியில் ஏற்கெனவே இனப் பகைமைச் சம்பவங்கள் நடந்திருந்ததைக் காட்டிப் பள்ளி தடுத்தது, 2009-ல் நீதிமன்றமும் அதை ஏற்றது. பழைய சம்பவம் ஒன்று கோப்பில் இருந்தால் பள்ளியின் பயம் 'நியாயமான பயம்' ஆகிவிடுகிறது. கலிபோர்னியாவில் இதைவிட விசித்திரம். 2010-ல், மெக்சிகோ வம்சாவளியினர் கொண்டாடும் சின்கோ தெ மாயோ நாளில், அமெரிக்கக் கொடி போட்ட சட்டையோடு வந்த மாணவர்களை அடிதடி வரலாம் என்று காரணம் சொல்லித் திருப்பிப் போடச் சொன்னார்கள். ஒன்பதாவது வட்ட நீதிமன்றம் 2014-ல் பள்ளியை ஆதரித்தது. மிரட்டியவனை விட்டுவிட்டு மிரட்டப்பட்டவன் சட்டையைக் கழற்றச் சொன்ன தீர்ப்பு என்று அதை விமர்சிப்பவர்கள் இரண்டு அரசியல் பக்கத்திலும் இருக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் அதை எடுத்து விசாரிக்க மறுத்துவிட்டது.

சரி, யூனிஃபார்முக்கு வருவோம். நம் ஊரில் யூனிஃபார்ம் என்றால் ஏழை பணக்காரன் வித்தியாசம் தெரியாமல் இருக்க என்ற எண்ணத்தோடு வளர்ந்தவர்கள் நாம். அமெரிக்க அரசுப் பள்ளிகளில் அது வந்த வழி வேறு. 1994-ல் கலிபோர்னியாவின் லாங் பீச் நகரம் தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் எல்லாவற்றிலும் கட்டாயமாக்கியது. பெரிய நகரப் பள்ளி மாவட்டம் ஒன்று இப்படிச் செய்தது அதுதான் முதல் முறை. தெருக் கும்பல்களின் நிறம், விலையுயர்ந்த ஜாக்கெட்டுக்காக நடக்கும் வழிப்பறி இவைதான் அப்போதைய பேச்சு. 1996 ஜனவரி உரையில் அதிபர் கிளின்டன் ஆதரவு தெரிவித்தார், அடுத்த மாதமே கல்வித்துறை ஒரு வழிகாட்டிக் கையேடு வெளியிட்டது. பிறகு பரவியது. 1999–2000-ல் சுமார் 12 சதவீத அரசுப் பள்ளிகளில் இருந்தது, 2013–14-ல் சுமார் 20 சதவீதம். ஏழை மாணவர்கள் அதிகம் படிக்கும் நகரப் பள்ளிகளில்தான் பெரும்பாலும். லாங் பீச்சில் குற்றங்கள் குறைந்தது உண்மை, ஆனால் அது யூனிஃபார்மால்தானா என்பது வேறு கேள்வி. 1998-ல் பிரன்ஸ்மா, ராக்மோர் என்ற இரு சமூகவியலாளர்கள் தேசிய அளவிலான தரவுகளைப் பார்த்து, வருகையிலோ நடத்தையிலோ யூனிஃபார்மால் நல்ல மாற்றம் எதுவும் தெரியவில்லை என்றார்கள். நீதிமன்றங்கள் இந்த விவாதத்துக்குள் ஆழமாகப் போவதில்லை. பள்ளி ஒரு நியாயமான நோக்கம் சொன்னால் போதும்.

2001-ல் ஐந்தாவது வட்ட நீதிமன்றம் இரண்டு யூனிஃபார்ம் வழக்குகளைத் தீர்த்தது. ஒன்று லூசியானாவின் பாசியர் பாரிஷ், மற்றொன்று டாலஸுக்குக் கிழக்கே உள்ள ஃபார்னி. உடை சில நேரம் பேச்சுதான் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. இனப் பெருமை, மதம், அரசியல் எல்லாவற்றையும் ஒருவர் உடையால் சொல்லலாம் என்று ஒப்புக்கொண்டது. ஆனால் விதியின் நோக்கம் ஒழுங்கும் படிப்பும்தான், மாணவரின் கருத்தை அடக்குவது அல்ல, பேச்சுக்கு ஏற்படும் தடை தேவைக்கு மேல் போகவில்லை என்றால் செல்லும் என்றது. ஒழுங்கு நடவடிக்கைகள் குறைந்தன, மதிப்பெண் ஏறியது என்று பாசியர் காட்டிய கணக்கும் உதவியது. உங்கள் போர்டு யூனிஃபார்ம் தீர்மானம் போட்டால் அதன் வழக்கறிஞர் முதலில் காட்டப்போவது இந்த இரண்டைத்தான்.

அப்படியானால் யூனிஃபார்ம் தோற்கவே தோற்காதா? தோற்றிருக்கிறது. நெவாடா மாநிலம் ரீனோவில் ஒரு தொடக்கப் பள்ளி, யூனிஃபார்ம் சட்டையில் பள்ளிச் சின்னத்தோடு 'நாளைய தலைவர்கள்' என்ற பொருளில் ஒரு வாசகத்தையும் அச்சிட்டது. கூடவே ஸ்கவுட் போன்ற தேசிய இளைஞர் அமைப்புகளின் சீருடைக்கு மட்டும் அவர்கள் கூடும் நாளில் விலக்கு கொடுத்தது. இரண்டு பெற்றோர் வழக்குப் போட்டார்கள்: எங்கள் பிள்ளை நெஞ்சில் நீங்கள் எழுதியதை ஏன் சுமக்க வேண்டும்? ஒன்பதாவது வட்ட நீதிமன்றம் 2014-லும் மறுபடி 2017-லும் அவர்கள் பக்கம் சாய்ந்தது. பேசாமல் இரு என்று சொல்வது வேறு, நான் சொல்வதைப் பேசு என்று சொல்வது வேறு. இதன் வேர் 1943-க்குப் போகிறது. கொடிக்கு வணக்கம் சொல்ல மறுத்த யெகோவா சாட்சிகள் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்று பார்னெட் வழக்கில் உச்ச நீதிமன்றம், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, சொன்னது. (கேரளத்தில் தேசிய கீதம் பாட மறுத்த மூன்று பிள்ளைகளின் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1986-ல் வந்து சேர்ந்ததும் ஏறக்குறைய இதே இடம். அவர்களும் யெகோவா சாட்சிகள்தான்.) ரீனோ தீர்ப்பு வேறு வட்டத்தினுடையது என்பதால் டெக்சஸைக் கட்டுப்படுத்தாது. ஆனால் போர்டு கூட்டத்தில், வெறும் நிறம் போதும், வாசகம் எதுவும் வேண்டாம் என்று கேட்க அது நல்ல ஆதாரம்.

இன்னொரு தோல்வி வட கரோலினாவில். அங்கே ஒரு சார்ட்டர் பள்ளி (அரசுப் பணத்தில் தனியார் நடத்தும் பள்ளி), மாணவிகள் பாவாடைதான் அணிய வேண்டும், பேன்ட் கூடாது என்று விதி வைத்திருந்தது. பெண்கள் எளிதில் உடையும் பாத்திரம், ஆண்கள் அவர்களைப் பொத்திக் காக்க வேண்டும் என்ற ரீதியில் பள்ளியை நிறுவியவர் விளக்கம் வேறு எழுதினார். 2022-ல் நான்காவது வட்ட நீதிமன்றத்தின் முழு அமர்வு, இது பாலினப் பாகுபாடு என்று அடித்துவிட்டது. இந்த வழக்கில் ஜெயித்தது பேச்சுரிமை இல்லை, சம உரிமை. உடை விதிகளால் யார் அதிகம் அடிபடுகிறார்கள் என்று பார்த்தால் இது ஆச்சரியமில்லை. நாடாளுமன்றத்தின் கணக்குத் தணிக்கை அமைப்பு 2022-ல் வெளியிட்ட அறிக்கை, பெண் பிள்ளைகள் அணியும் உடைகளைத் தடுக்கும் விதிகள் ஆண் பிள்ளைகளுக்கானதைவிட அதிகம் என்றது. யூனிஃபார்ம் வருவதாக இருந்தால் மாணவ மாணவியர் இருவருக்கும் ஒரே பட்டியல் கேளுங்கள்.

நம்மவர்களுக்கு அடிக்கடி வரும் சந்தேகம் ருத்திராட்சம், ஐயப்பன் மாலை, கையில் மந்திரித்த கயிறு, தலையில் ஹிஜாப் இவை பற்றியது. நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டெக்சஸில் இதில்தான் பெற்றோர் கை ஓங்கியிருக்கிறது. 1997-ல் ஹூஸ்டனுக்கு வடக்கே நியூ கேனி ஊரில் இரண்டு மாணவர்கள் கத்தோலிக்க ஜெபமாலை அணிந்து வந்தார்கள். ஒரு தெருக் கும்பல் அதைத் தன் அடையாளமாக வைத்திருக்கிறது என்று பள்ளி தடுத்தது. கூட்டாட்சி நீதிமன்றம் மாணவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2010-ல் நீட்வில் ஊரில் பூர்வகுடிச் சிறுவன் ஒருவன் தன் மத நம்பிக்கைப்படி நீளமாகப் பின்னிய முடியோடு வர ஐந்தாவது வட்ட நீதிமன்றம் அனுமதித்தது. இதே நீதிமன்றம்தான் 1972-ல் எல் பாஸோ பையன் ஒருவனிடம், உன் முடியின் நீளம் அரசியல் சட்ட உரிமையே இல்லை என்று சொன்னது. நீட்வில் சிறுவன் ஜெயித்தது 1999-ல் டெக்சஸ் இயற்றிய மத சுதந்திரச் சட்டத்தின் மேல் நின்று. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அந்தச் சட்டத்தில் வழக்குக்குப் போக 60 நாள் முன்னதாக எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும்.

இனி நடைமுறை. டி-ஷர்ட் விஷயத்தில் முதலில் உதவி பிரின்சிபலுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். சண்டை வேண்டாம், கேள்வி போதும்: கையேட்டின் எந்த விதியின்படி, என்ன இடையூறு காரணமாக? பதில் எழுத்தில் வந்தால் அதுவே ஆதாரம். திருப்தி இல்லை என்றால் பள்ளி மாவட்டத்தின் புகார் நடைமுறை இருக்கிறது. அதற்கு நாள் கெடு குறைவு, இன்றே பார்த்து வையுங்கள். பையனிடம் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு: மாற்றிப் போடச் சொன்னால் மாற்றிப் போட்டுவிடு, வாதத்தை அம்மா அப்பாவிடம் விடு. சொல்பேச்சு கேட்கவில்லை என்ற குற்றச்சாட்டு தனியாக வந்து சேர்ந்தால் நல்ல வழக்கும் குழம்பிவிடும்.

யூனிஃபார்முக்கு டெக்சஸ் கல்விச் சட்டத்திலேயே தனிப் பிரிவு இருக்கிறது, எண் 11.162. வசதியில்லாத மாணவர்களுக்கு யூனிஃபார்ம் வாங்கிக் கொடுக்க எங்கிருந்து பணம் என்று போர்டு விதியிலேயே குறிப்பிட வேண்டும். தீர்மானம் போட்ட 90-ஆவது நாளிலிருந்துதான் மாணவர்கள் அணிய வேண்டும். மத அல்லது தத்துவ ரீதியாக உண்மையான ஆட்சேபம் உள்ள பெற்றோர் எழுத்து மூலம் விலக்குக் கேட்கலாம், அல்லது இடம் இருந்தால் யூனிஃபார்ம் இல்லாத வேறு பள்ளிக்கு மாற்றிக் கேட்கலாம். அந்த ஆட்சேபம் உண்மையானதா என்று முடிவு செய்வது போர்டுதான், அதில்தான் சிக்கல். ஃபார்னியில் அப்படி விலக்குக் கேட்ட சில பெற்றோருக்கு மறுத்துவிட்டார்கள், நீதிமன்றமும் அந்த நடைமுறையில் குறை காணவில்லை. ஆகவே இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதத்தை அப்படியே நகலெடுத்துக் கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டில் என்ன நம்பிக்கை, அது இந்த உடையோடு எங்கே முட்டுகிறது என்று நீங்களே இரண்டு பத்தி எழுதுங்கள். 'எங்களுக்குப் பிடிக்கவில்லை', 'செலவு அதிகம்' என்பவை அந்தக் கடிதத்தில் வரவே கூடாது. அவற்றை போர்டு கூட்டத்தில், பொதுமக்கள் பேசும் நேரத்தில் சொல்லுங்கள். அந்தத் தீர்மானம் அன்றைய நிகழ்ச்சி நிரலில் இருந்தால் உங்களைப் பேச விட்டாக வேண்டும் என்பதும் டெக்சஸ் சட்டம்தான். தீர்மானம் ஓட்டுக்கு வரும் முன்னால் பேச வேண்டும் என்பதால், நிகழ்ச்சி நிரல் எப்போது வெளியாகிறது என்பதில் ஒரு கண் வைத்திருங்கள்.